லாரியின் வில்லும் உயரமும்



நெடுஞ்சாலையில் செல்லும் லாரியைக் காணாதார் நம்மில் எவரும் இலர். நாம் உண்ணும் அரிசியும், வீடு கட்டும் சிமென்டும், பிள்ளைகள் எழுதும் காகிதமும் லாரி ஏறித்தான் நம் ஊருக்கு வந்து சேர்கின்றன. அந்த லாரியில் சுமையைத் தாங்கும் உறுப்பு எது என்று வினவினால், சக்கரம் என்பார் சிலர்; அச்சு என்பார் சிலர். இவ்விரு விடைகளும் தவறல்ல. ஆயினும், வண்டியின் அடிச்சட்டமாகிய சேஸுக்கும் அச்சுக்கும் இடையே, குனிந்து பார்த்தாலன்றிக் கண்ணிற்படாத இடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டப்பட்ட எஃகுப் பட்டைகள் உள்ளன. சுமை முழுவதும் முதலில் அவற்றின்மேல்தான் இறங்குகிறது. அப்பட்டைகளைக் கூட்டியும் குறைத்தும் வளைத்தும் வண்டியின் உயரத்தை மாற்றுகின்ற வழக்கம் ஒன்று உண்டு. அதன் முறையையும் முறைகேட்டையும் பற்றி இன்று பேச எண்ணுகிறேன்.

இந்தப் பட்டையடுக்கு நமக்குப் புதியதன்று. லாரி வருவதற்கு முன்பே நம் ஊர்களில் வில்வண்டி ஓடியது. கட்டை வண்டியில் போனவருக்கு இடுப்பு வலித்தது. வில்வண்டியில் போனவருக்கு உறக்கம் வந்தது. இரண்டிலும் மாடு ஒன்றே, பாதையும் ஒன்றே. வேறுபாடு அடியிலிருந்த வில் ஒன்றுதான். இன்று லாரிப் பட்டறைகளில் இதனைப் பட்டை என்றும் பட்டா என்றும் வழங்குகிறார்கள். குழப்பம் நேராதிருக்க, அடுக்கு முழுவதையும் வில் என்றும், அதிலுள்ள ஒவ்வோர் எஃகுத் துண்டையும் பட்டை என்றும் நான் குறிப்பிடுவேன்.

இங்கிலாந்தில் ஒபதையா எலியட் என்பவர் 1804-ஆம் ஆண்டில் குதிரை வண்டிகளுக்கான நீள்வட்ட வில்லுக்குக் காப்புரிமை கோரினார். 1908-இல் ஹென்றி ஃபோர்டு வெளியிட்ட மாடல் டி மோட்டார் வண்டியும் முன்னும் பின்னும் குறுக்கே வைத்த பட்டைவில்லின் மேல்தான் ஓடியது. கார்கள் பிற்காலத்தில் சுருள்வில்லுக்கு மாறிவிட்டன. சில லாரிகளும் பல பேருந்துகளும் காற்றுப் பைகளுக்கு மாறியுள்ளன. எனினும் நம் நாட்டுச் சரக்கு லாரிகளிற் பெரும்பாலானவை இன்றும் பட்டைவில்லையே நம்பியிருக்கின்றன. காரணம் எளிது. மலிவானது, முரட்டுத்தனத்தைப் பொறுப்பது, உடைந்தால் வழியோரப் பட்டறையிலேயே மாற்றக் கூடியது.

நான் பள்ளியில் நெடுங்காலம் பௌதிகம் கற்பித்தவன். என் மாணவர்களிற் பலர் நாமக்கல் வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள். லாரிகளுக்குக் கூண்டு கட்டும் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர் அது என்பதை நேயர்கள் அறிவீர்கள். ஓய்வு பெற்ற பின்னர், பட்டறை வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவரிடம் சென்று மாலை வேளைகளில் அமர்ந்திருப்பது என் வழக்கமாயிற்று. கரும்பலகையில் சாக்கட்டியால் எழுதிக் காட்டிய விதிகள் அங்கே எண்ணெயும் துருவுமாகக் கண்முன் நிற்பதைக் கண்டேன். இன்று நான் சொல்லப்போவன அந்த விதிகளும், அந்தப் பட்டறையில் கண்டவையுமே.

முதலில் விதியைப் பார்ப்போம். இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில விஞ்ஞானி 1678-இல் விளக்கி வெளியிட்ட உண்மை ஒன்று உண்டு. வில்லின்மேல் ஏற்றும் பாரம் எவ்வளவோ, அந்த அளவுக்கு அது வளையும் என்பதே அது. ஒரு வில் 1 டன் பாரத்திற்கு இரண்டரை சென்டிமீட்டர் தாழ்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2 டன்னுக்கு 5 சென்டிமீட்டர் தாழும். 4 டன்னுக்கு 10 சென்டிமீட்டர் தாழும். பாரத்தை இறக்கினால் பழைய நிலைக்கே மீளும். ஆகவே, லாரியின் உயரம் என்பது தனியே நிற்கும் ஓர் எண்ணன்று. வில்லுக்கு இயல்பாக உள்ள வளைவு, அதன் விறைப்பு, அதன் மேலுள்ள பாரம் ஆகிய மூன்றும் சேர்ந்து விளைவிக்கும் விடையே உயரம். கணக்கில் விடை தவறாக இருந்தால் விடையை மட்டும் அழித்து எழுதும் மாணவனை நாம் பாராட்டுவதில்லை. எந்த அடியில் பிழை நேர்ந்தது என்று பார்க்கச் சொல்கிறோம். லாரி தாழ்ந்திருக்கும்போதும் அதுவே முறை.

விறைப்பு எதனால் அமைகிறது? பட்டைகளின் எண்ணிக்கை, அகலம், தடிப்பு, நீளம் ஆகிய நான்கினால் அமைகிறது. எண்ணிக்கை கூடினால் விறைப்பும் அதே விகிதத்தில் கூடும், அகலமும் அப்படியே. தடிப்பும் நீளமும் அவ்வாறல்ல. அவற்றின் மும்மடிப் பெருக்கம் கணக்கில் வருகிறது. 10 மில்லிமீட்டர் தடிப்புள்ள பட்டைகளுக்குப் பதிலாக 12 மில்லிமீட்டர் பட்டைகளை அடுக்கினால் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடும் என்று தோன்றும். உண்மையில் அது ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்றே குறைவாக ஆகிவிடுகிறது. நீளத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினாலோ வில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக நெகிழ்கிறது. கண்ணுக்குச் சிறிதாகத் தெரியும் மாற்றம் வில்லுக்குச் சிறிதன்று என்பதை இதனால் அறியலாம்.

தடித்த பட்டை வலுவானது என்று பலர் எண்ணுவர். தென்னை ஈர்க்கு ஒன்றை எடுத்து வளைத்துப் பாருங்கள். வட்டமாகவே வளைந்து கொடுக்கும். விரல் தடிப்புள்ள காய்ந்த குச்சியை அதே அளவு வளைத்தால் முறிந்துவிடும். ஒரே வளைவுக்கு உட்படும்போது, தடித்த பொருளின் மேற்பரப்பு மெல்லிய பொருளின் மேற்பரப்பைவிட மிகுதியாக இழுபடுகிறது என்பதே காரணம். வில்லை ஒரே தடித்த கட்டியாகச் செய்யாமல் பல மெல்லிய பட்டைகளாக அடுக்கியதன் சூட்சுமம் இதுவே. ஆகையால், மெல்லிய பட்டைகளுக்கு இடையே வலுவூட்டுவதாக எண்ணித் தடித்த பட்டை ஒன்றைச் செருகினால், எல்லாவற்றோடும் ஒன்றாக வளைய வேண்டிய அந்தத் தடித்த பட்டையே முதலில் முறியக்கூடும். 'புதுப் பட்டையல்லவா, அதற்குள் எப்படி முறிந்தது?' என்று உரிமையாளர் வியப்பார். ஈர்க்கும் குச்சியும் அறிந்தவர் வியக்கமாட்டார்.

இனி, அடுக்கின் உறுப்புகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேலே இருப்பது மெயின் பட்டை. அதன் இரு முனைகளும் சுருட்டப்பட்டுக் கண்போல் இருக்கும். ஒரு கண், சேஸில் அசையாது பொருத்திய தாங்கியில் பின்னால் மாட்டப்படும். மற்றொரு கண், ஊஞ்சல்போல் ஆடும் ஷாக்கிள் என்னும் இணைப்பில் மாட்டப்படும். வில் தட்டையாகும்போது அதன் நீளம் கூடுவதால் ஒரு முனைக்கு இந்த ஊஞ்சல் வேண்டியிருக்கிறது. மெயின் பட்டைக்குக் கீழே வரவரக் குறுகும் பட்டைகள். எல்லாவற்றையும் நடுவே துளைத்துச் செல்வது சென்டர் போல்ட். அதன் தலை அச்சின் இருக்கையிலுள்ள குழியில் அமர்ந்து, அச்சு முன்பின் நகராமல் காக்கிறது. அடுக்கையும் அச்சையும் சேர்த்து இறுக்குவன யூ போல்ட்டுகள். பின்புறம் பல லாரிகளில் மேலே துணைவில் ஒன்றும் இருக்கும். அதனை ஹெல்ப்பர் என்பார்கள். வெற்று வண்டியில் அது சும்மா இருக்கும். பாரம் ஏறியபின் தாங்கியைத் தொட்டுத் தானும் தோள் கொடுக்கும்.

இந்த வில்லுக்குச் சுமை தாங்குவது மட்டுமே வேலையன்று. சாதாரணமான இரண்டு அச்சு லாரிகளில் பின் அச்சைத் தன் இடத்தில் நிறுத்தி வைப்பதும் அதுவே. இயந்திரம் சக்கரத்தைச் சுழற்றும்போது அச்சு எதிர்த்திசையில் திருக முயல்கிறது. பிரேக் பிடிக்கும்போது மறுதிசையில் திருக முயல்கிறது. இரண்டு திருகலையும் வில்லே தாங்குகிறது. எனவே வில்லில் கை வைப்பவர், வண்டியின் உயரத்தில் மட்டுமன்றி அதன் ஓட்டத்திலும் நிறுத்தத்திலும் கை வைக்கிறார்.

இனி, உயரத்தை மாற்ற விரும்புகிறவர்கள் யாவர் என்று பார்ப்போம். பட்டறைக்கு வருகிறவர்களின் பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். 'வண்டி உட்கார்ந்துடுச்சுங்க, தூக்கி விடணும்' என்பார்கள். வண்டி ஒரு பக்கம் சாய்கிறது என்பார் சிலர். டயர் கூண்டில் உரசுகிறது என்பார் சிலர். கல் குவாரிப் பாதையில் அடி தட்டுகிறது என்பார் வேறு சிலர். இன்னும் ஒரு சாரார், அளவுக்கு மேல் பாரம் ஏற்றினாலும் வண்டி தாழாதிருக்க வேண்டும் என்பதை வெளியிற் சொல்லாமல், 'ரெண்டு பட்டை கூடப் போடுங்க' என்று மட்டும் சொல்வார்கள்.

என் மாணவர் எதையும் கழற்றுமுன் அளவெடுப்பார். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, டயர்களில் உரிய காற்று உள்ளதா என்று பார்த்து, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து சேஸின் விளிம்பு வரையுள்ள உயரத்தை நான்கு இடத்தும் அளந்து குறிப்பார். தரையிலிருந்து அளந்தால் டயரின் தேய்மானமும் கணக்கில் கலந்துவிடும். பின்பு வில்லின் இரு கண்களுக்கும் இடையே நூல் பிடித்து, நூலுக்கும் மெயின் பட்டைக்கும் இடையேயுள்ள ஆழத்தை அளப்பார். இடமும் வலமும் ஒத்திருக்கின்றனவா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

ஒருநாள் பின்புறத்தை 10 சென்டிமீட்டர் தூக்கித் தருமாறு ஓர் உரிமையாளர் வந்து நின்றார். அளந்து பார்த்ததில் வலப்புறம் மட்டுமே தாழ்ந்திருந்தது. அடுக்கைப் பிரித்தபோது, கிளிப்பின் அடியில் மறைந்திருந்த இடத்தில் மூன்றாம் பட்டை முறிந்திருந்தது. முறிவின் வாயில் துரு படிந்திருந்தமையால், நெடுநாளாகவே அது முறிந்த நிலையில் ஓடியிருக்கிறது என்பது விளங்கிற்று. முறிந்த பட்டையின் பங்கை மற்றவை தாங்கித் தாங்கித் தளர்ந்திருந்தன. இரண்டு பக்கத்து வில்லையும் ஒருசேர மாற்றியதும், கேட்ட 10 சென்டிமீட்டர் தேவைப்படவே இல்லை; வண்டி தன் பழைய உயரத்தில் நின்றது. உயர்த்துவது வேறு, இழந்த உயரத்தை மீட்பது வேறு. பட்டறைக்கு வரும் வண்டிகளிற் பலவற்றுக்கு வேண்டியது பின்னதே.

குவாரிப் பாதையில் அடி தட்டுகிறது என்போருக்கும் ஒரு சொல். பின் அச்சின் நடுவே உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல் கூடுதான் வழக்கமாக மிகவும் தாழ்ந்திருப்பது. அது அச்சோடு சேர்ந்தது. வில்லுக்குக் கீழே இருப்பது. வில்லை எவ்வளவு உயர்த்தினாலும் சேஸும் கூண்டும் உயருமேயன்றி அந்தக் கூடு ஒரு நூலளவும் உயராது. தரைக்கும் அச்சுக்கும் இடையேயுள்ள தூரத்தை முடிவு செய்வது டயரேயாகும். இதனை அறியாமல் வில்லுக்குச் செலவிட்டவர்கள் பலர்.

உயரத்தை மாற்றும் வழிகள் நான்கு உள்ளன. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, பட்டை கூட்டுதல். முன் சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்வோம். பத்துப் பட்டை உள்ள வில் 4 டன்னுக்கு 10 சென்டிமீட்டர் தாழ்ந்தது. அதே தன்மையுள்ள பட்டை ஒன்றைக் கூட்டினால், ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் தாழும். ஆக, பாரத்தோடு கிடைக்கும் லாபம் 1 சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. வில் அச்சுக்கு மேலே அமர்ந்த வண்டியானால், கூட்டிய பட்டையின் தடிப்பு அளவுக்கும் சேஸ் உயரும். அஃது ஒரு சென்டிமீட்டர் சொச்சம். இந்த இரண்டு சென்டிமீட்டருக்கு விலையாக, வெற்று வண்டியிலும் பாரவண்டியிலும் என்றென்றைக்கும் பத்தில் ஒரு பங்கு கூடுதல் விறைப்பை ஏற்கிறோம். கூட்டும் பட்டையின் வளைவும் அடுக்கோடு இசைந்திருக்க வேண்டும். அளவுக்கு மிஞ்சி வளைந்த பட்டை பிறர் பங்குப் பாரத்தையும் தானே இழுத்துக்கொண்டு முறியும். இரண்டு மூன்று பட்டைகளே உள்ள புதுவகை வில்களில், நடுவே தடித்து முனைநோக்கி மெலியும் பட்டைகள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விட்டு நிற்கும். அவ்வகையில் வேறு பட்டையைச் செருகுதல் அறவே கூடாது.

இரண்டாவது, தொய்ந்த பட்டையை மீண்டும் வளைத்தல். இது வழியோரங்களில் மிகுதியாக நடைபெறுவது. பட்டையை இரு தாங்கல்களின்மேல் குழிந்த பக்கம் மேலாக வைத்துச் சம்மட்டியால் அடிப்பார்கள். வளைவு கூடிவிடும், வண்டியும் நிமிரும். ஆனால் எந்தப் பக்கத்தில் சம்மட்டி விழுகிறதோ, பாரம் ஏறும்போது இழுபடும் பக்கமும் அதுவே. சம்மட்டியின் தழும்பு ஒவ்வொன்றும் வெடிப்புக்கு விதையாகிவிடும். அன்றியும், குளிர்ந்த நிலையில் அடித்து ஏற்றிய வளைவு பாரத்தின்கீழ் விரைவில் மீண்டும் தொய்யும் இயல்புடையது.

அடிக்காமல் நெருப்பில் காய்ச்சி வளைத்தால் என்ன என்று கேட்கலாம். வில்லுக்கான எஃகு நூற்றில் அரைப்பங்கு அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட கரியும், சிலிக்கனும் மாங்கனீசும், அல்லது குரோமியமும் கலந்தது. ஆலையில் அதனைச் சுமார் 850 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேற்றி, எண்ணெயில் அமிழ்த்திக் கடினமாக்கி, பின்னர் 450 அல்லது 500 டிகிரி அளவில் மீண்டும் காய்ச்சிப் பதமாக்குகிறார்கள். அந்தப் பதமே வில்லின் உயிர். காஸ் சுடரால் ஓரிடத்தில் சிவக்கக் காய்ச்சினால் அந்த இடத்தில் பதம் கெடுகிறது. மீண்டும் முழுப் பட்டையையும் உலையிலிட்டு முறைப்படி பதமேற்றும் வசதி உள்ள இடத்திலன்றி இந்த வேலையைச் செய்யலாகாது. அதே காரணத்தால் வில்லில் வெல்டிங் வைப்பதும் கூடாது. அருகில் வெல்டிங் வைக்கும்போது பொறி அதன்மேல் தெறிப்பதும் கூடாது.

மூன்றாவது, அச்சுக்கும் வில்லுக்கும் இடையே கட்டை வைத்தல். கட்டை என்பது மரமன்று. வார்ப்பிலோ எஃகிலோ செய்த ஒரே துண்டாக இருக்க வேண்டும். வில் அச்சுக்கு மேலே உள்ள வண்டியில் 5 சென்டிமீட்டர் கட்டை 5 சென்டிமீட்டர் உயர்த்தும். வில்லின் விறைப்பு மாறாது. அச்சுக்குக் கீழே வில் உள்ள வண்டியிலோ, அதே கட்டை வண்டியைத் தாழ்த்திவிடும். கட்டையின் குறை என்னவெனில், அச்சு திருகும்போது அது நெம்புகோலாக நின்று வில்லை மேலும் முறுக்குகிறது. ஆதலால் கட்டைமேல் கட்டை அடுக்குதல் பெருந்தவறு. திசை திருப்பும் முன் அச்சில் கட்டை வைத்தலோ அதனினும் பெருந்தவறு. கட்டை வைத்தால் நீளமான புதிய யூ போல்ட்டுகள் வேண்டும். ஒருமுறை முழு இறுக்கம் கண்டு நீண்ட யூ போல்ட்டை மீண்டும் பயன்படுத்தாதிருப்பதே நலம்.

நான்காவது, ஷாக்கிளை நீளமாக்குதல். இதில் ஒரு முனை மட்டும் மாறுவதால் 2 சென்டிமீட்டர் நீட்டினால், நடுவிலுள்ள அச்சின் நேரே கிடைப்பது 1 சென்டிமீட்டர்தான். அதற்குக் கைம்மாறாக அச்சே சாய்ந்துவிடுகிறது. பின் அச்சானால், இயந்திரத்திலிருந்து வரும் நீள்தண்டின் மூட்டுகளில் கோணம் மாறி அதிர்வு எழும். முன் அச்சானால், திருப்பிய ஸ்டீயரிங் தானே நேராகி மீளும் குணம் மாறிவிடும்.

வழிகளைச் சொன்னேன், இனி அவற்றின் பின்விளைவுகளுள் முதன்மையான ஒன்றைச் சொல்ல வேண்டும். பல லாரிகளில், பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் அனுப்பலாம் என்பதை ஒரு வால்வு தீர்மானிக்கிறது. சேஸுக்கும் அச்சுக்கும் இடையேயுள்ள தூரத்தை ஒரு கம்பியின் வாயிலாக அது உணர்கிறது. தூரம் குறைந்திருந்தால் பாரம் உள்ளது என்று கொண்டு அழுத்தத்தை முழுமையாக விடும். தூரம் மிகுந்திருந்தால் வண்டி வெறுமையென்று கொண்டு, சக்கரம் பூட்டிச் சறுக்காதபடி அழுத்தத்தைக் குறைக்கும். இப்போது வில்லை உயர்த்தி, வால்வைத் திருத்தாமல் விட்டோமானால் என்ன நேரும்? முழுப் பாரத்தோடு ஓடும் லாரியை அந்த வால்வு வெற்று லாரி என்று எண்ணும். ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கிறார். பின் சக்கரங்கள் பாதி மனத்தோடு நிற்கின்றன. நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டியே வண்டி நிற்கும். தாண்டிய அந்த இடத்தில் யார் இருந்தார்கள் என்பதைப் பொறுத்தது மற்றதெல்லாம்.

வண்டி உயர்ந்தால் புவியீர்ப்பு மையமும் உயர்கிறது. சக்கரங்களுக்கிடையே 1.8 மீட்டர் அகலமும், பாரத்தோடு மையம் தரையிலிருந்து 1.8 மீட்டர் உயரமும் உள்ள வண்டியைக் கொள்வோம். வில்லின் நெகிழ்ச்சியையும் டயரின் நெகிழ்ச்சியையும் விலக்கிப் பார்த்தால், தன் எடையில் பாதியளவு பக்கவிசை வந்தால் அது கவிழும். மையத்தை 10 சென்டிமீட்டர் உயர்த்தினால், நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்த விசையே கவிழ்க்கப் போதும். ஐந்துதானே என்று எண்ண வேண்டா. கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு வளைவிலும் அந்த ஐந்து பங்கு கேட்கப்படுகிறது.

இன்னும் இரண்டு உண்டு. முன்புறம் உயர்ந்தால் விளக்கொளி எதிரே வருபவரின் கண்ணில் விழும். பின்புறம் உயர்ந்தால், பின்னால் மோதும் சிறு கார் அடியில் புகாமல் தடுக்கும் காப்புத்தண்டும் உயர்ந்துவிடும். தடுக்கவேண்டிய இடத்தில் தண்டு இல்லையென்றால், காரின் முன்பகுதிக்குப் பதிலாகக் காரில் இருப்பவரின் தலையன்றோ லாரியின் விளிம்பைச் சந்திக்கும்!

ஓட்டுநரின் உடலையும் நாம் மறக்கலாகாது. பாரத்தால் 10 சென்டிமீட்டர் தாழும் வில்லின்மேல் உள்ள வண்டி நொடிக்கு ஏறத்தாழ ஒன்றரை முறை ஏறி இறங்கும். தாழ்வு ஒன்றரை சென்டிமீட்டரே ஆகும்படி வில் விறைத்துவிட்டால், அது நொடிக்கு நான்கு முறையாகிறது. நொடிக்கு 4 முதல் 8 வரையான மேல்கீழ் அதிர்வுகளே அமர்ந்திருக்கும் மனித உடலை மிகவும் வருத்துவன என்று ஆய்ந்து கண்டிருக்கிறார்கள். முன்வில்லை வேண்டாத அளவு விறைக்கச் செய்பவர், கட்டை வண்டியின் இடுப்புவலியை ஓட்டுநருக்குத் திருப்பித் தருகிறார். அதுவும் நாளெல்லாம், ஆண்டெல்லாம்.

அளவுக்கு மேல் பாரம் ஏற்றவே பட்டை கூட்டுவோரிடம் நான் வாதிட விரும்பவில்லை. கணக்கை மட்டும் சொல்கிறேன். பட்டை கூடினால் வில்தான் வலுவாகிறது. அச்சும், சக்கரத்தின் பேரிங்கும், டயரும், பிரேக்கும் பழையனவே. வண்டி தாழாமையால் மிகைப்பாரம் கண்ணுக்குத் தெரியாமற் போகிறதேயொழிய, இல்லாமற் போவதில்லை. சாலையும் அதை அறியும். அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த பெரும் சாலைச் சோதனையிலிருந்து, அச்சுப் பாரத்தின் நான்காம் மடிப் பெருக்கத்திற்கு ஏறத்தாழ ஒத்தபடி சாலை சேதமுறும் என்று கணித்தார்கள். ஐந்தில் ஒரு பங்கு பாரம் கூடினால் சேதம் இரண்டு மடங்காகும் என்பது இதன் பொருள். மிகைப்பாரத்திற்கு 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இருபதாயிரம் ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் இரண்டாயிரம் ரூபாயும் அபராதம் உண்டு.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றினின்றும் வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தித் தீர்ப்புரைத்தது. எனவே, தேய்ந்த வில்லுக்கு அதே அளவுள்ள வில்லை மாற்றுவதில் தயங்க வேண்டியதில்லை. அதற்கு அப்பால் உயரத்தை மாற்றக் கருதுவோர், முதலில் தயாரிப்பாளரின் பணிமனையையும் போக்குவரத்து அலுவலகத்தையும் கேட்டறிதல் வேண்டும்.

பட்டறையில் வேலை செய்யும் இளைஞர்களுக்கும் சில சொற்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் நுழையாதீர்கள். சேஸின்கீழ் உறுதியான தாங்கிகளை வைத்த பின்னரே நுழையுங்கள். சென்டர் போல்ட்டைக் கழற்றுமுன் அடுக்கைக் கவ்வியால் இறுக்கிக்கொள்ளுங்கள். வெவ்வேறு வளைவுள்ள பட்டைகள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருப்பதால், கட்டவிழ்ந்ததும் அவை விரிந்து தெறிக்கும். அந்த விசை விரலையும் அறியாது, விழியையும் அறியாது. வில்லை இணையாகவே மாற்றுங்கள். யூ போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காக, சிறிது சிறிதாக இறுக்குங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடியும் இறுக்குங்கள். தளர்ந்த யூ போல்ட்டினால்தான் சென்டர் போல்ட் அறுகிறது. அது அறுந்தால் அச்சு ஒரு பக்கம் நகர்ந்து, வண்டி நண்டுபோல் கோணி ஓடும். வேலை முடிந்தபின் பிரேக் குழாய் இழுபடுகிறதா, பிரேக் வால்வின் கம்பி உரிய அளவில் உள்ளதா, விளக்கு எங்கே விழுகிறது, சக்கரங்கள் நேராக உள்ளனவா என்று பார்த்து, அளந்ததை ஏட்டில் எழுதி வையுங்கள். என் மாணவரின் பட்டறையில் அப்படி ஓர் ஏடு இருக்கிறது. வண்டி எண்ணும், நான்கு இடத்து உயரமும், தேதியும் அதில் வரிசையாக உள்ளன. மறுமுறை அந்த வண்டி வரும்போது, வில் எவ்வளவு தொய்ந்தது என்பதை அவர் கேட்டறிவதில்லை, கண்டறிகிறார்.

நேயர்களே, லாரியில் போகாதவருக்கும் இச்செய்தி வேண்டியதே. லாரிக்குப் பின்னே பள்ளி வாகனம் வருகிறது. எதிரே சைக்கிள் வருகிறது. ஓரமாக நாம் நடக்கிறோம். அந்த வில்லில் ஒருவர் செய்யும் நல்வேலையும் அல்வேலையும் நம் எல்லோருடைய பாதுகாப்பையும் தொடுகின்றன. வண்டி தாழ்ந்திருந்தால், 'எவ்வளவு தூக்கலாம்?' என்பதற்கு முன் 'ஏன் தாழ்ந்தது?' என்று கேட்கும் பழக்கம் நம் பட்டறைகளில் வளருமானால், முறியும் வில்களும் குறையும். முறியும் எலும்புகளும் குறையும்.